தெரபி 45 நிமிடம்தான்... மீதி நேரம்? ஆட்டிசம் குழந்தைகளின் பெற்றோருக்கும் பயிற்சி ஏன் தேவை?

வாரத்தில் 2 அல்லது 3 நாள், ஒவ்வொரு முறையும் 45 நிமிடம். ஆட்டிசம் இருப்பதாகக் கண்டறியப்பட்ட குழந்தைக்கு வழக்கமாகக் கிடைக்கும் தெரபி இந்த அளவில்தான் இருக்கிறது. அந்த 45 நிமிடமும் அம்மா வெளியே நாற்காலியில் காத்திருப்பார். உள்ளே என்ன நடக்கிறது என்பது பல நேரங்களில் அவருக்கே தெரியாது.

ஆனால் வாரத்தின் மீதி நேரம் முழுக்க குழந்தை இருப்பது அவரோடுதான்.

பெற்றோரை உள்ளே கூப்பிட்டால் என்ன ஆகும்?

இதைச் சோதித்த ஆய்வுகளில் ஒன்று நம்ம ஊர்ப் பக்கமே நடந்தது. பிரிட்டனில் உருவான 'பாக்ட்' முறையை எளிமையாக்கி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 'பாஸ்' என்ற பெயரில் முயன்றார்கள். 2 முதல் 9 வயது வரையிலான 65 குழந்தைகளின் குடும்பங்கள் கலந்துகொண்டன. பயிற்சி கொடுத்தது டாக்டர்கள் இல்லை. இதற்காகவே பழக்கப்படுத்தப்பட்ட சாதாரண சுகாதாரப் பணியாளர்கள்.

முறை ரொம்ப சிம்பிள். பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதைச் சில நிமிடம் வீடியோ எடுப்பார்கள். பிறகு பணியாளரும் பெற்றோரும் உட்கார்ந்து அதைப் பார்ப்பார்கள். குழந்தை எங்கே திரும்பிப் பார்த்தது, எங்கே கையை நீட்டியது, அதை நாம் எங்கே தவறவிட்டோம் என்று பேசுவார்கள்.

ஒரு உதாரணம். குழந்தை பொம்மைக் காரின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "இது என்ன கலர், சொல்லு" என்று கேட்பதுதான் நம் வழக்கம். அதற்குப் பதில், குழந்தை பார்ப்பதையே நாமும் பார்த்து "சக்கரம் சுத்துது" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கேள்வி வேண்டாம், அவசரம் வேண்டாம். சொல்வதற்கு ஈஸி, பழகுவதற்குத்தான் மாதங்கள் ஆகும்.

லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த முடிவுகளின்படி, பயிற்சி பெற்ற பெற்றோர் குழந்தையின் போக்குக்கு ஏற்றபடி பேசுவது கூடியது. குழந்தைகள் தாமாக முன்வந்து தொடர்புகொள்வதும் அதிகரித்தது. எல்லாமே ஏறுமுகம் என்று சொல்ல முடியாது. இருவரும் ஒரே விஷயத்தில் சேர்ந்து கவனம் செலுத்தும் நேரம் குறைந்திருந்தது.

உலக சுகாதார நிறுவனமும் இதே பாதையில், பெற்றோருக்கு 9 குழு வகுப்புகளும் 3 வீட்டுச் சந்திப்புகளும் கொண்ட ஒரு பயிற்சியை வடிவமைத்துள்ளது. பெற்றோர் தங்கள் மனநலத்தைப் பார்த்துக்கொள்வதும் அதில் ஒரு பாடம்.

அப்போ எல்லாமே அம்மா தலையிலா?

இங்கேதான் சிக்கல். 'பெற்றோரே தெரபிஸ்ட்' என்பது நடைமுறையில் 'அம்மாவே எல்லாம்' என்று மாறிவிடுகிறது. வேலையை விட்டவர், இரண்டு பஸ் மாறி மையத்துக்கு வருபவர் மீது இன்னொரு சுமை ஏறுகிறது. போதாததற்கு "மொபைல் கொடுத்தே கெடுத்துட்டா" என்ற பேச்சு வேறு. தாயின் பாசக்குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று மேலைநாட்டு நிபுணர்களே 1960கள் வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது தவறு என்று எப்போதோ நிரூபிக்கப்பட்டுவிட்டது, பழி மட்டும் இன்னும் போகவில்லை. அப்பாவும் பாட்டியும் பயிற்சியில் உட்காராதவரை இது பாதி உதவிதான்.

தமிழ்நாட்டில் எங்கே போவது?

ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால், "ஆம்பளப் பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும்" என்று காத்திருக்க வேண்டாம். 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தின் கீழ், 18 வயது வரையிலான குழந்தைகளுக்குப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். இதற்கான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இயங்குகின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தென்காசி அருகே ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம், பணியாளர்களை வீட்டுக்கே அனுப்பிக் குடும்பத்தோடு சேர்ந்து பயிற்சி தருகிறது.

ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை பாதுகாப்பு உண்டு. தெரபி செலவுக்கும் அதில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது.

தூக்கம் இல்லை, அழுகை நிற்கவில்லை என்ற நிலையில் இருக்கும் பெற்றோர், டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.