தனிமைப்படுத்தலில் இருந்தவர் மேல் வந்த கோபம்: எமது சங்கத்தின் நிலைப்பாடு

கொரோனாக் காலத்தில் திருகோணமலை அன்புவழிபுரத்திலிருந்து துறைமுகத்துக்கும் சீனக்குடாவுக்கும் நகரக் கடைகளுக்கும் வேலைக்குப் போன பலரிடையே ஒரு மனக்கசப்பு வளர்ந்தது. தடுப்பூசி எடுக்காத ஒருவர் ‘கொன்டாக்ட்’ (நோயாளியுடன் பழகியவர்) ஆகி இரண்டு கிழமை வீட்டில் இருப்பார். வேலைக்குத் திரும்பிச் சில நாள் போவதற்குள் மறுபடியும் வீட்டில் இருப்பார். அவருடைய வேலையை மற்றவர்கள் இழுப்பார்கள். “அவர் ஊசி போடமாட்டாராம், நாங்கள் ரெண்டு ஷிப்ட் அடிக்கவேணுமாம்” என்ற பேச்சு அன்று எல்லா இடத்திலும் கேட்டது. நோய் போய்விட்டது. அந்தப் பேச்சால் முறிந்த உறவுகள் சில இன்னும் ஒட்டவில்லை.

இது பற்றி எமது சங்கத்தின் நிலைப்பாட்டை இங்கே எழுத்தில் வைக்கிறோம். இரட்டை வேலை செய்தவரின் கோபம் நியாயமானது. அதை வீட்டில் இருந்தவர் மேல் திருப்பியது நியாயமில்லை. சுகாதாரத் துறை வீட்டில் இருக்கச் சொன்ன எவருக்கும், ஊசி எடுத்தவரானாலும் எடுக்காதவரானாலும், சம்பளம் கிடைக்க வேண்டும். அவருடைய வேலையைச் செய்பவருக்கு அதற்குரிய கொடுப்பனவும் ஓய்வும் கிடைக்க வேண்டும். இந்த இரண்டு செலவையும் தொழில் கொள்வோரும் அரசும் ஏற்க வேண்டும். தொழிலாளியின் தலையில் கட்டக்கூடாது. தடுப்பூசியை நாம் முழுமனதாக ஆதரிக்கிறோம். ஆதரித்துக்கொண்டேதான் இதைச் சொல்கிறோம்.

முடிந்துபோன விடயத்தை இப்போது ஏன் கிளறவேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். காரணம் உண்டு. 2025 ஜூன் மாதம் ஜெனீவாவில் கூடிய சர்வதேச தொழில் மாநாடு, வேலைச் சூழலில் உயிரியல் ஆபத்துகள் பற்றிய 192ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. கிருமிகளால் தொழிலாளிக்கு வரும் ஆபத்துக்கென்றே உலக அளவில் வந்த முதலாவது சமவாயம் அது. இங்கே இலங்கையில் 2023 முதல் தொழிற் சட்டங்களை ஒன்றாக்கும் பேச்சு நடந்துவருகிறது. சட்டம் எழுதப்படும்போது தொற்றுநோய் விடுமுறை அதில் இடம்பெறாவிட்டால், அடுத்த நோய் வரும்போது நாம் மறுபடியும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்போம்.

முதலில் நடந்ததைச் சரியாக நினைவுபடுத்திக்கொள்வோம். இந்தியாவிலிருந்து வந்த கோவிஷீல்ட் ஊசியுடன் 2021 ஜனவரி 29 அன்று இலங்கையில் தடுப்பூசி ஏற்றுதல் தொடங்கியது. சுகாதார ஊழியர், படையினர், பின்னர் மேல் மாகாணம் என்று வரிசை போனது. கிழக்கில் உள்ள சாதாரணத் தொழிலாளிக்கு அந்த வரிசை மிகவும் பிந்தியே வந்தது. இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியதும், முதல் ஊசி எடுத்த சுமார் 6 இலட்சம் பேர் இரண்டாவது ஊசிக்காகக் காத்திருந்தார்கள். ஜப்பான் அனுப்பிய அஸ்ட்ராசெனகா ஜூலை 31 அன்று வந்து சேரும்வரை அவர்களுக்கு வழியிருக்கவில்லை. கர்ப்பிணிகளுக்கு ஊசி தொடங்கியதே 2021இன் நடுப்பகுதியில்தான். 20 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்டவர்களுக்குச் செப்டெம்பரில்தான் முறை வந்தது. ஆக, அந்த ஆண்டின் பெரும்பகுதியில் ‘ஊசி எடுக்காதவர்’ என்று விரல் நீட்டப்பட்டவர்களில் பலர், ஊசி கிடைக்காதவர்கள்.

ஊசி வந்த பிறகும் தயங்கியவர்கள் இருந்தார்கள். அவர்களையும் ஒரே மூட்டையில் கட்ட முடியாது. வெளிநாடு போகக் காத்திருந்த இளைஞர்கள், ஐரோப்பாவில் சைனோபார்ம் ஊசியை ஏற்கமாட்டார்கள் என்று பைசர் ஊசிக்காகப் பொறுத்திருந்தார்கள். பிள்ளை தங்காது என்ற வதந்தியை நம்பிய பெண்கள் இருந்தார்கள். அந்த வதந்திக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அதைப் பக்கத்தில் இருந்து பொறுமையாக விளக்கிச் சொல்ல ஆள் வரவில்லை.

அரசை நம்பாதவர்களும் இருந்தார்கள். இதைத் திருகோணமலையில் இருந்துகொண்டு நாம் மறைக்க முடியாது. 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி, கொரோனாவால் இறந்த எல்லோரையும், முஸ்லிம்களையும், எரிக்க வேண்டும் என்றது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் அரசு கேட்கவில்லை. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அந்த விதி நீக்கப்பட்டது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை முஸ்லிம் சமூகத்திடம் மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. தாயின் உடலைத் தரமாட்டார்கள் என்ற பயத்தில் ஒரு குடும்பம் காய்ச்சலை மறைத்தால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வருகிறார் என்றதும் கதவைச் சாத்தினால், அந்தப் பயத்தை உண்டாக்கியது யார்? ஊசி முகாமுக்குப் போகத் தயங்கிய எல்லோரையும் அறிவில்லாதவர்கள் என்று பேசியவர்கள் இதை யோசிக்கவில்லை. சில வேலைத்தளங்களில் அந்தப் பேச்சு இனப் பேச்சாகவும் மாறியது. அதை எமது சங்கம் கண்டிக்கிறது. தமிழர் பேசினாலும் கண்டிக்கிறது.

‘அடிக்கடி’ வீட்டில் இருந்தார் என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். நோயாளியுடன் பழகியவர் 14 நாள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. கேற்றில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போவார்கள். அறை அறையாகப் பிரிந்த வீட்டில் இது ஒருமுறையுடன் முடியும். ஒரே கிணறு, ஒரே மலசலகூடம், இரண்டு அறைக்குள் மூன்று குடும்பம் என்று வாழ்பவர்களுக்கு அப்படி முடியவில்லை. இன்று மாமாவுக்கு என்றால் பத்தாம் நாள் மாமிக்கு வரும், பிறகு பிள்ளைக்கு வரும். ஒவ்வொரு முறையும் நாள் எண்ணுவது ஒன்றிலிருந்து தொடங்கும். திரும்பத் திரும்ப வீட்டில் இருந்தவர்களில் எத்தனையோ பேர் நெருக்கமான வீட்டில் இருந்தவர்கள். வேலைத்தளத்தில் நின்ற மேற்பார்வையாளருக்கு அது தெரியவில்லை. அவர் கண்டது வரவுப் பதிவேட்டில் உள்ள சிவப்புக் கோட்டை மட்டும்.

அந்த நாட்களில் அவர்கள் சுகமாக ஓய்வெடுத்தார்கள் என்ற நினைப்பும் தவறு. தனிமைப்படுத்தப்பட்ட குடும்பத்துக்கு 10,000 ரூபா பெறுமதியான உலர் உணவுப் பொதி அறிவிக்கப்பட்டது. பருப்பும் அரிசியும் மாவும் வந்தாலும் சீட்டுக்காசும் லீசிங் தவணையும் அதில் கட்ட முடியாது. வேலைக்கு அழைக்க முடியாதவர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தின் அரைவாசி அல்லது 14,500 ரூபா, இதில் எது கூடுதலோ அதைக் கொடுப்பதென்று 2020 மே மாதத்தில் தொழில் அமைச்சில் முத்தரப்பு உடன்பாடு வந்தது. நல்ல உடன்பாடுதான். ஆனால் மாதச் சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாத மேசன், மூட்டை தூக்குபவர், மீன் வெட்டுபவர், வீட்டு வேலைக்குப் போகும் அக்கா எவருக்கும் அது எட்டவில்லை.

வேலையில் எஞ்சி நின்றவர்களின் பாடும் சின்னதல்ல. பொதியிடும் பகுதி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் நிற்கவேண்டிய இடத்தில் நான்கு பேர் நின்றால் இயந்திரத்தின் வேகத்தைக் குறைக்கமாட்டார்கள். ஷிப்ட் பட்டியலில் ஒரு பெயரைப் பென்சிலால் வெட்டி மேலே இன்னொரு பெயர் எழுதப்படும். அப்படி எழுதப்பட்டவரிடம் முதலில் கேட்பதில்லை. அவர் விடிய ஆறு மணிக்கு வந்து இரவு பத்துக்குப் போவார். பஸ் இல்லாத ஊரடங்கு நாளில் சைக்கிளில் போவார். மேலதிக நேரக் கொடுப்பனவு (ஓ.டி.) ஒன்றரை மடங்காகக் கிடைக்க வேண்டும். “இப்ப கஷ்ட காலம், எல்லாரும் ஒத்துழைக்கவேணும்” என்ற ஒரு வசனத்தில் அது அரைவாசியாகும், அல்லது இல்லாமலே போகும். இப்படி ஏமாற்றப்பட்டவர் கோபப்படத்தான் செய்வார். கண்ணுக்கு முன்னால் உள்ள ஆள் வராமல் இருந்தவர் என்பதால் கோபம் அவர் பக்கம் போனது. ஒன்றரை மடங்கைக் கொடுக்காதவர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்.

இங்கிலாந்திலும் இதே சிக்கல் வந்தது. அங்கே கடைகளிலும் பெற்றோல் நிலையங்களிலும் எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர் வேலை செய்வதால் அது எங்களுக்குத் தூரத்துச் செய்தி அல்ல. 2021 ஓகஸ்ட் 16 முதல், இரண்டு ஊசியும் எடுத்தவர் நோயாளியுடன் பழகியிருந்தாலும் வீட்டில் இருக்கத் தேவையில்லை என்று விதி மாறியது. எடுக்காதவர் தொடர்ந்தும் இருக்கவேண்டியிருந்தது. அதனால் ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப வராமல் நின்றார்கள். 2022 ஜனவரியில் ஐக்கியா நிறுவனம், தக்க காரணமின்றி ஊசி எடுக்காதவர் அப்படி வீட்டில் இருந்தால் முழுச் சம்பளம் இல்லை, சட்டப்படியான நோய்க்காலக் கொடுப்பனவு மட்டும்தான் என்றது. அது அப்போது வாரத்துக்கு 96.35 பவுண். வேறு சில நிறுவனங்களும் அதே வழியில் போயின.

வேலைத்தளங்களில் பலர் அந்தச் சம்பளக் குறைப்பை வரவேற்றார்கள். சரியான தண்டனை என்றார்கள். எமது சங்கத்திலும் அப்படி நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நாம் அதை ஏற்கவில்லை, அதற்குக் காரணம் நோயே. வீட்டில் இருந்தால் சம்பளம் போகும் என்று தெரிந்தவர் காய்ச்சலுக்கு இரண்டு பரசிற்றமோல் போட்டுவிட்டு வேலைக்கு வருவார். பக்கத்து வீட்டில் பி.சி.ஆர். பொசிற்றிவ் என்பதைச் சொல்லமாட்டார். அவருக்கு அருகில் நிற்கப்போவது, அவருக்குத் தண்டனை வேண்டும் என்று கேட்ட அதே தொழிலாளி. ஊசி எடுத்தவருக்கும் தொற்று வரும், அவரும் பரப்புவார் என்பதை ஒமிக்ரோன் காலத்தில் எல்லோரும் கண்டோம். உயிராபத்தையும் ஆஸ்பத்திரிப் படுக்கையையும் தவிர்ப்பதில்தான் ஊசியின் பெரிய பயன் இருந்தது. இதனால்தான் தனிமைப்படுத்தலைச் சம்பளத்தோடு சேர்த்துக் கட்டிப்போட வேண்டும் என்கிறோம்.

கட்டாயப்படுத்துவதிலும் எமக்கு நம்பிக்கை இல்லை. இங்கிலாந்தில் பராமரிப்பு இல்ல ஊழியருக்கு 2021 நவம்பர் 11 முதல் ஊசி கட்டாயமாக்கப்பட்டது. ஆள் தட்டுப்பாடு கூடி, 2022 மார்ச் 15 அன்று அந்த விதி கைவிடப்பட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று, எவரையும் வலிந்து ஊசி போட முடியாது என்று தீர்ப்பளித்தது. பொது நலனுக்காக அளவான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்பதையும் அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. இந்த இரண்டு பக்கமும் எமக்கு முக்கியம். ஊசி கையில் இருந்தும், வைத்தியர் தடை சொல்லாமலும், ஒருவர் மறுக்கிறார் என்றால் அவரை நோயாளிகள், முதியவர்கள், கர்ப்பிணிகள் இருக்கும் பகுதியிலிருந்து வேறு வேலைக்கு மாற்றலாம். சம்பளத்தைக் குறைக்காமல் மாற்ற வேண்டும். “என் உடம்பு, என் விருப்பம்” என்று மட்டும் சொல்லிவிட்டு அதே இடத்தில் நிற்கும் உரிமையை எமது சங்கம் கோராது. அந்த இடத்தில் இன்னொருவருடைய உடம்பும் இருக்கிறது.

தனிமைப்படுத்தலைச் சாட்டாக வைத்து விடுமுறை எடுத்தவர்கள் சிலரும் இருந்தார்கள். அதைத் தடுக்க வழி எளிது: சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கடிதம் இருந்தால் சம்பளம், இல்லாவிட்டால் வழமையான விடுமுறை. விசாரிக்கும் வேலை பணிமனைக்கு உரியது. மேற்பார்வையாளரோ சக தொழிலாளியோ ஆளின் வீட்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. ஊசி எடுத்தவர், எடுக்காதவர் என்று பெயர்ப் பட்டியலை அறிவித்தல் பலகையில் ஒட்டுவதையும் நாம் எதிர்க்கிறோம். ஒருவர் வைத்தியக் காரணத்தால் எடுக்காமல் இருக்கலாம். கர்ப்பமாக இருப்பதை இன்னும் வீட்டில்கூடச் சொல்லாதவராக இருக்கலாம். அதைப் பலகையில் ஒட்ட எவருக்கும் உரிமை இல்லை.

சட்டத்தில் உள்ள ஓட்டை பெரியது. 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒருவரை வீட்டில் இருக்கச் சொல்லலாம். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் ஆண்டுக்கு 7 நாள் அமய விடுமுறையும் 14 நாள் வருடாந்த விடுமுறையும் தருகிறது. ஒரே ஒரு தனிமைப்படுத்தல் அந்த 7 நாளின் இரண்டு மடங்கு. நாட்கூலிக்காரருக்கு அந்த 7 நாளும் இல்லை. ஒரு சட்டம் வீட்டில் இரு என்கிறது, மற்றச் சட்டம் அப்படி இருப்பதற்கென்று சம்பளம் தருவதில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்று தொழிலாளிகள் சண்டை பிடித்தோம்.

ஆகவே, புதிய தொழிற் சட்டத்தில் தொற்றுநோய் விடுமுறை சம்பளத்துடன் தனியாக எழுதப்பட வேண்டும், அது வருடாந்த விடுமுறையில் கழிக்கப்படக்கூடாது. நாட்கூலிக்காரருக்கு அரசு ஒரு நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். பிரதேச செயலகமும் கிராம உத்தியோகத்தரும் ஏற்கெனவே வீடு வீடாகப் பொதி கொடுத்தவர்கள், காசையும் கொடுக்கலாம். ஒருவர் வராவிட்டால் பதிலாள் எடுக்கும் பொறுப்பு தொழில் கொள்வோருடையது. அது முடியாத நாட்களில் மேலதிக வேலையைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும், ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். ஊசி முகாம் வேலை நேரத்தில், வேலைத்தளத்துக்கு அருகில், தமிழிலும் சிங்களத்திலும் விளக்கம் சொல்லக்கூடிய தாதியருடன் நடக்க வேண்டும். ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வந்தால் அது சம்பளத்துடன் கூடிய நாளாக வேண்டும். அந்த ஒருநாள் கூலி போய்விடும் என்பதற்காகவே ஊசி எடுக்காமல் இருந்தவர்களும் உண்டு. 192ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை உறுதிப்படுத்த வேண்டும் என்றும் கேட்கிறோம்.

அங்கத்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2020க்கும் 2022க்கும் இடையில் தனிமைப்படுத்தலில் சம்பளம் இழந்தவர்களும், மற்றவர் வேலையைச் செய்து ஓ.டி. கிடைக்காதவர்களும் தங்கள் விபரத்தை எழுதி, சம்பளத் துண்டோ பி.எச்.ஐ. கொடுத்த கடிதமோ இருந்தால் பிரதியெடுத்து, எமது செயலாளரிடம் ஒப்படையுங்கள். இரண்டு தரப்பின் விபரத்தையும் ஒரே மனுவில் சேர்த்துத் தொழில் திணைக்களத்திடம் கொடுப்போம். ஒரே இடத்தில் வேலை செய்த இருவர் அதில் அடுத்தடுத்துக் கையெழுத்திட வேண்டும் என்று விரும்புகிறோம்.