வீட்டில் ஹாம்ஸ்டர் வளர்க்கப் போகிறீர்களா?

தலைநகரில் வாழும் நம் வீடுகளில் பிள்ளைகள் நாய்க்குட்டி வேண்டும் என்று கேட்டால், நாம் சொல்லும் பதில்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். அடுக்குமாடிக் குடியிருப்பு, சின்ன வீடு, கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறார்கள், கோடை விடுமுறையில் ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வது? இப்படிப் பேச்சு நீண்டு, அழுகையில் முடிந்து, கடைசியில் ஒரு சமரசம் ஏற்படும். ஒரு சிறிய கூண்டில் ஹாம்ஸ்டர் வந்து சேரும்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. சில ஆண்டுகளுக்கு முன், நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் பேத்தி தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். அதற்குப் பரிசாக, தீபாவளி கழிந்த வாரம் பொன்னிறத்தில் ஒரு ஹாம்ஸ்டரை வாங்கிக் கொடுத்தோம். "எலிக்குப் பொறி வைத்த காலம் போய், எலியைக் காசு கொடுத்து வாங்கும் காலம் வந்துவிட்டதே!" என்றாள் என் மனைவி. பிள்ளையாரின் வாகனம் என்று சொல்லி நான்தான் அவளைச் சமாதானப்படுத்தினேன்.

வந்த அன்றே அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். பகலில் உறங்கும் பிராணி அது. அதை எழுப்பி எழுப்பி ஆளுக்கு ஒரு முறை கையில் எடுத்தார்கள். மூன்றாம் நாள், வேர்க்கடலை தின்ற கையோடு பேத்தி கூண்டுக்குள் கையை விட, விரலில் நறுக்கென்று கடித்துவிட்டது. அவ்வளவுதான், "கடிக்கிற பிராணி" என்று பெயர் வைத்தாயிற்று. அதன் பிறகு அதை யாரும் தொடவில்லை. நாற்றம் வருகிறது என்று கூண்டு பால்கனிக்குப் போயிற்று. தீனி போடுவது மட்டும் என் பொறுப்பு.

ஜனவரி மாதம் ஒரு பனிமூட்டக் காலையில் போய்ப் பார்த்தேன். சுருண்டு கிடந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது. மூச்சு இருப்பதாகவே தெரியவில்லை. குழந்தை பள்ளியிலிருந்து வருவதற்குள் எடுத்துப்போய், பூங்காவில் இருக்கும் வேப்பமரத்தடியில் புதைத்துவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து, பக்கத்து வீட்டு நாய்க்குத் தடுப்பூசி போட வந்த கால்நடை மருத்துவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "மீசை அசைகிறதா என்று பார்த்தீர்களா? கையில் வைத்து மெல்லச் சூடேற்றிப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். இரண்டையும் நான் செய்யவில்லை. கடுங்குளிரில் ஹாம்ஸ்டரின் உடல் சூடு இறங்கி, மூச்சும் இதயத் துடிப்பும் மிகவும் குறைந்து, செத்ததுபோலவே கிடக்குமாம். கதகதப்பான இடத்தில் வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக விழித்துக்கொள்ளுமாம். நான் புதைத்தது உயிரற்ற உடலைத்தானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. பேத்தியிடம் இதை நான் சொன்னதில்லை. இந்தக் கட்டுரையை எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

இந்தப் பிராணியின் வரலாற்றைப் பிறகுதான் படித்தேன். 1930ஆம் ஆண்டு, ஜெரூசலம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி, சிரியாவில் அலெப்போ நகருக்கு அருகே ஒரு வளையைத் தோண்டி, ஒரு தாயையும் 11 குட்டிகளையும் எடுத்தார். அவற்றில் பிழைத்த சிலவற்றின் வழித்தோன்றல்களே இன்று வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை. நாய் மனிதனோடு பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வருவது. அதன் இரத்தத்திலேயே நம் பழக்கம் ஊறியிருக்கிறது. ஹாம்ஸ்டர் நம்மிடம் வந்து இன்னும் நூறு ஆண்டுகள்கூட நிறையவில்லை. வளையில் தனியாக வாழ்ந்த பிராணி. இருட்டில் வெளியே வந்து இரை தேடிய பிராணி. மேலிருந்து எது இறங்கினாலும் அதற்குப் பருந்துதான். நம் கையும் மேலிருந்துதானே இறங்குகிறது?

ஆகவே, "கடிக்கிற பிராணி" என்று நாங்கள் சொன்னது தவறு. அதற்குக் கண்பார்வை மங்கல்; மோப்பமே துணை. கடலை வாசனை வீசிய விரலை அது கடலை என்றே எண்ணியிருக்கும். பயந்த ஜீவனுக்கு அவகாசம் கொடுக்காதது எங்கள் குற்றம்.

ஓராண்டு கழித்துப் பேத்தி மீண்டும் கேட்டாள். இந்த முறை பரிசாக அல்ல, பொறுப்பாக என்று பேசிக்கொண்டோம். முதல் ஒரு வாரம் கூண்டுக்குள் யாரும் கையை விடவில்லை. தீனி, தண்ணீர், அவ்வளவுதான். இரவு எட்டு மணிக்கு மேல், அது தானாக விழித்து வந்த பிறகு, பேத்தி கூண்டின் அருகே உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பாடம் படிப்பாள். குரல் பழகட்டும் என்று. இரண்டாம் வாரம், கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, உள்ளங்கையைக் கூண்டின் தரையோடு தரையாக வைத்து, அதில் ஒரு சூரியகாந்தி விதை வைத்தாள். மூன்று நாள் அது அருகில்கூட வரவில்லை. நான்காம் நாள் வந்து மோந்தது. விதையைக் கன்னப்பைக்குள் அடக்கிக்கொண்டு ஓடிவிட்டது. பத்துப் பன்னிரண்டு நாள் இப்படியே போயிற்று. பிறகு ஒரு இரவு ஓடவில்லை. உள்ளங்கையிலேயே உட்கார்ந்து, இரு கைகளாலும் விதையைப் பிடித்து உரித்துத் தின்றது. பேத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, பேசாதீங்க" என்று கண்ணாலேயே சொன்னாள்.

அதன் பிறகே தூக்கப் பழகினாள். இரு கைகளையும் குவித்து, கீழிருந்து, தரையில் உட்கார்ந்தபடி. கை தவறி விழுந்தால் அந்தச் சிறு உடம்பு தாங்காது.

"இரண்டு, மூன்று ஆண்டுகள் வாழும் பிராணிக்கு இவ்வளவு பாடா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் என் கருத்து வேறு. நம் பிள்ளைகளுக்கு எல்லாம் கேட்டவுடன் கிடைக்கிறது. காத்திருந்தால் மட்டுமே கிடைக்கும் ஒன்றை அவர்களுக்கு நாம் காட்டுவதே இல்லை. ஹாம்ஸ்டரை அதட்டிப் பழக்க முடியாது, அடித்துப் பழக்க முடியாது. அது வரும்வரை கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும். இதைப் பத்து வயதில் கற்றுக்கொண்ட குழந்தை, பின்னாளில் மனிதர்களிடமும் சற்றுப் பொறுமையாக இருக்கும் என்று நம்புகிறேன்.

அதே சமயம், அவகாசம் இல்லாத வீடுகள் தயவுசெய்து இதை வாங்க வேண்டாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். தில்லிக் கோடையில் வெயில் 45 டிகிரியைத் தொடும்; இந்தப் பிராணிக்கு 30 டிகிரிக்கு மேல் போனாலே ஆபத்து. ஜனவரிக் குளிரின் கதையை மேலே சொல்லிவிட்டேன். கோடையிலும் குளிரிலும் பால்கனி அதற்கு இடமல்ல. "துணைக்கு இன்னொன்று" என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். பொன்னிற ஹாம்ஸ்டர்கள் வளர்ந்த பின் ஒரே கூண்டில் இருந்தால், ஒன்றை ஒன்று கடித்துக் கொன்றுவிடும். குழந்தைக்கு என்று வாங்கினாலும், பொறுப்பு வீட்டுப் பெரியவருடையது.

வாங்கும் இடத்தையும் பார்த்து வாங்க வேண்டும். செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2018ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. இந்த விதிகளுக்கு அடிப்படை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் அதற்கு வழிவகுத்தது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. கலாக்ஷேத்திராவுக்காக அவரைப் போற்றும் நாம், இதற்காகவும் நினைவில் கொள்ள வேண்டாமா? பதிவுச் சான்றிதழ் எங்கே என்று கடையில் கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

இரண்டாவது ஹாம்ஸ்டர் எங்களோடு இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாக வாழ்ந்து, முதுமையில் போய்ச் சேர்ந்தது. அன்று அதை உடனே எடுத்துச் செல்ல நான் விடவில்லை. கம்பளித் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, மாலைவரை காத்திருந்தேன். ஏன் தாத்தா என்று பேத்தி கேட்டாள். இந்த இதழ் வந்ததும் அவளிடம் படித்துக் காட்டலாம் என்றிருக்கிறேன்.