5.56ஆ, 7.62ஆ? அட, கட்டை விரல் எங்கேன்னு கேளுங்கப்பா!

ராணுவத்துக்குப் புது ரைஃபிள் வருதுன்னு பேப்பர்ல ஒரு துணுக்கு வந்தா போதும். நம்ம பதிவர்கள்ல பாதிப் பேர் அன்னிக்கே ஆயுத நிபுணர் ஆயிடறாங்க. 5.56 சின்னக் குண்டு, 7.62தான் நிஜக் குண்டு, ரஷ்யாக்காரன் சரக்கு மாதிரி வருமா, அமெரிக்காக்காரன் மாதிரி வருமா... பின்னூட்டம் நூறைத் தாண்டும். நானும் அந்தக் கும்மியில அடிச்சவன்தான், மறைக்கல. ஆனா இன்னிக்கு உங்களோடயும் என்னோடயும் ஒரு சண்டை போடணும். இத்தனை வருஷத்துல நாம யாருமே கேட்காத கேள்வி ஒண்ணு இருக்கு. ராத்திரியில அந்த ரைஃபிளைப் பிடிச்சிருக்கறவனோட இடது கட்டை விரல் எங்க இருக்கு? அதுக்கு அடியில விளக்கோட ஸ்விட்ச் இருக்கா?

சிரிக்காதீங்க. 2012 பவர்கட்டை நினைச்சுப் பாருங்க. எங்க ஸ்ரீரங்கத்து வீட்டுல கும்மிருட்டுல எழுந்தாலும் கை நேரா எமர்ஜென்சி லைட் ஸ்விட்சுல போய் நிக்கும். கண்ணே வேண்டாம். அதே இருட்டுல மாமனார் வீட்டுல சுவத்தைத் தடவித் தடவி காலண்டரைக் கீழ தள்ளினதுதான் மிச்சம். ஸ்விட்ச் ரெண்டு வீட்டுலயும் இருந்துச்சு. எங்க இருந்துச்சுங்கறதுலதான் வித்தியாசம்.

இதை மத்த ஊர்க்காரன் பேசாம விட்டா மன்னிக்கலாம். திருச்சிக்காரன் விடக்கூடாது. காவிரிப் பாலம் தாண்டி திருவெறும்பூர் பக்கம் போனா நவல்பட்டுல 1966லேர்ந்து துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கு. இன்சாஸ் ரைஃபிள் அங்க செஞ்சிருக்காங்க. ஏ.கே. சாயல்ல நம்ம ஊர் பேரையே வச்ச திருச்சி அசால்ட் ரைஃபிளும் அங்க பொறந்ததுதான். 2021 அக்டோபர் 1ஆம் தேதி பழைய ஆர்டினன்ஸ் ஃபாக்டரி போர்டைக் கலைச்சு ஏழு அரசு கம்பெனியா பிரிச்சப்போ, இது கான்பூர்ல தலைமை அலுவலகம் வச்சிருக்கற கம்பெனிக்குக் கீழ போச்சு.

இன்சாஸ் வடிவமைச்ச காலத்துல ரைஃபிள் மேல விளக்கு மாட்டறதுங்கறதே பெரும்பாலும் யோசனையில இல்ல. முன்பக்கம் இடது கை பிடிக்கற ஹேண்ட்கார்டு வெறும் பிளாஸ்டிக். எதையும் முடுக்க ரயில் கிடையாது. அதுக்காக அப்ப டிசைன் பண்ணினவங்களைத் திட்ட மாட்டேன். பிகாடினி ரயில்னு இன்னிக்கு எல்லாரும் சொல்ற பல்வரிசைச் சட்டமே அமெரிக்க ராணுவத் தரமா எழுதப்பட்டது 1995லதான். அப்புறம் நிலைமை மாறிடுச்சு. 2019ல 72,400 சிக் 716 வாங்க ஒப்பந்தம். 2021 டிசம்பர்ல ஆறு லட்சத்துக்கு மேல ஏ.கே. 203 அமேதி பக்கம் கோர்வாவுல தயாரிக்க ஒப்பந்தம். ரெண்டுலயும் விளக்கு மாட்ட இடம் இருக்கு. "ரயில் வந்துருச்சுல்ல, அப்புறம் என்ன?"ங்கறீங்களா? அங்கதான் நம்ம ஆளுங்க ஏமாறறாங்க. ரயில்ங்கறது ஆணி அடிக்க சுவரு. ஸ்விட்ச் எங்கன்னு அது சொல்லாது.

எங்க தெருவுல ஒரு ரிட்டயர்டு ஹவில்தார் இருக்கார். அண்ணேன்னுதான் கூப்பிடுவேன். எந்த ஊர், எந்த வருஷம்னு சொல்ல மாட்டார். ராத்திரி ஒரு கிராமத்துல தேடுதல். சாதா டார்ச்சை ஹேண்ட்கார்டுல கருப்பு இன்சுலேஷன் டேப் போட்டு அவரே சுத்தியிருக்கார். டார்ச்சோட பட்டன் வால் பக்கம். அமுக்கணும்னா இடது கையை எடுத்தாகணும். மாட்டுத் தொழுவத்துல ஏதோ அசைஞ்சிருக்கு. கையை எடுத்தா நாலு கிலோ சொச்சம் துப்பாக்கி ஒத்தக் கையில, குழல் சாயுது. எடுக்கலைன்னா இருட்டு.

"அந்த நொடியில என் விரலுக்கு அடியில இருந்த ஒரே ஸ்விட்ச் ட்ரிக்கர்தான், தம்பி" என்றார்.

அமுக்கல. பக்கத்துல இருந்தவர் டார்ச் எரிஞ்சுது. கன்னுக்குட்டியைக் கட்டிக்கிட்டு பத்துப் பன்னெண்டு வயசுப் பையன். இந்த இடத்துல அண்ணன் பேச்சை நிறுத்திடுவார். நானும் மேல கேட்டதில்ல.

விளக்கு எதுக்குன்னு இதுக்கு மேல விளக்கணுமா? சுடறதுக்கு முன்னாடி யாருன்னு பார்க்க. 2008 நவம்பர் 26லேர்ந்து 29 வரைக்கும் மும்பை தாஜ் ஓட்டலை டிவியில பார்த்தோமே. புகை, ஓட்டல் தாழ்வாரம், பூட்டின கதவு. உள்ள ஒளிஞ்சிருக்கறது விருந்தாளியா, கொல்ல வந்தவனான்னு முடிவு பண்ண எவ்வளவு நேரம் கிடைக்கும்?

சரி, மாட்டறது எப்படி? நான் துவாக்குடியில பிராக்கெட் அடிக்கறவன், துப்பாக்கி செய்யறவன் இல்ல. ஆனா ஸ்விட்சும் கேபிளும் எனக்குச் சோறு போடற விஷயம். பிரஷர் ஸ்விட்ச்ங்கறது ரப்பர் உறை போட்ட சின்னப் பட்டை. ஒரு வயர் விளக்கோட வாலுக்குப் போகும். அமுக்கினா எரியும், விட்டா அணையும். விளக்கைக் குழலோட முனைக்குக் கிட்டத் தள்ளி வைக்கணும், இல்லேன்னா குழல் நிழலே பாதியை மறைச்சிடும். ஸ்விட்சை விளக்குக்குப் பக்கத்துல இடம் இருக்கேன்னு ஒட்டக்கூடாது. முதல்ல கண்ணை மூடிக்கிட்டு ரைஃபிளைத் தோள்ல வைக்கச் சொல்லணும். கட்டை விரல் தானா எங்க விழுதோ அங்க சாக்பீஸ்ல கோடு போடணும். அதுதான் இடம். ஹேண்ட்கார்டோட உச்சியில, நடுவுல வச்சா இடக்கைக்காரனுக்கும் ஒத்து வரும். ஏ.கே. வகையில உச்சியில கேஸ் குழாய் கொதிக்கும். அதனால அதுல கொஞ்சம் பக்கவாட்டுல இறக்கணும்.

பசை போட்டு ஒட்டறதை மறந்துடுங்க. திருச்சி சித்திரை வெயில்லயே பசை இளகும், சுட்டுச் சூடேறின ஹேண்ட்கார்டுல கேட்கவே வேண்டாம். ரயில்ல கவ்வற உறையில ஸ்குரு போட்டு முடுக்கி, ஸ்குரு தலைக்குக் குறுக்கா ஒரு பெயிண்ட் கோடு. கோடு விலகினா லூஸ் ஆயிடுச்சுன்னு அர்த்தம். வயர் தொங்கினா கொடியில மாட்டும், இழுத்துக் கட்டினா வால்ல பிடுங்கிக்கும். அளவா விட்டு, ரெண்டு இடத்துல கிளிப். வயரே அறுந்தாலும் விளக்கோட சொந்த பட்டன் வேலை செய்யணும்.

"விளக்கு போட்டா எதிரிக்கு நாம இருக்கற இடம் தெரியுமே"ம்பார் ஒருத்தர். கரெக்ட். அதனாலதான் விட்டா அணையற ஸ்விட்ச் வேணும்ங்கறேன். டேப் சுத்தின டார்ச்சை அவசரத்துல எரிய விட்டா அணைக்கவும் கை போகாது. தானா அமுங்கிடக்கூடாதுன்னா, பட்டையைச் சுத்தி வரம்பு உயர்த்தி, கொஞ்சம் அழுத்தினாத்தான் வேலை செய்யற மாதிரி வைக்கணும். இதெல்லாம் ராக்கெட் விஞ்ஞானமா?

"போட்டியில யாரும் விளக்கு மாட்டறதில்லையே"ம்பார் இன்னொருத்தர். 2022 ஜூலையில அஜித் நம்ம ஊர் ரைஃபிள் கிளப்புக்கு மாநிலப் போட்டிக்கு வந்தப்போ வாசல்ல கூட்டமான கூட்டம். அங்க இலக்கு வெளிச்சத்துல நிக்குது. அது காகிதம். தொழுவத்துல நின்னது ஒரு வீட்டுப் பிள்ளை.

மூணாவது ஆள்தான் எனக்குக் கோபம் வரவைக்கறவர். "நம்ம ஜவான் அட்ஜஸ்ட் பண்ணிப்பான்." ஏன் பண்ணணும்? நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு பட்டறையில பிரஸ் மிஷினோட சிவப்பு பட்டன் பின்பக்கம் இருந்துச்சு. ஓட்டறவன் கை எட்டாது. எல்லாரும் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டோம். ஒரு நாள் கூட வேலை பார்த்தவனுக்கு ரெண்டு விரல் போச்சு. விசாரணைக் காகிதத்துல "பட்டன் உள்ளது, தொழிலாளியின் கவனக்குறைவு"ன்னு எழுதினாங்க. நானும் சாட்சிக் கையெழுத்து போட்டேன். அந்தக் கையெழுத்து இன்னும் உறுத்துது.

அதனால அடுத்த தடவை புது ரைஃபிள் செய்தி வந்தா குண்டு எத்தனை மில்லிமீட்டர்னு மட்டும் கேட்காதீங்க. விளக்கும் ஸ்விட்சும் டிராயிங்லயே இருக்கா, இல்ல ஜவான் தலையில கட்டியாச்சான்னு கேளுங்க. சின்னக் கை, பெரிய கை, இடது கை, கிளவுஸ் போட்ட கை எல்லாத்தையும் வச்சு இருட்டுல சோதிச்சாங்களான்னு கேளுங்க. நாளைக்கு ஏதாவது தப்பு நடந்தா "விளக்கு இருந்தது"ன்னு ஒரு காகிதம் வரும். அப்ப நாம யாரும் சாட்சிக் கையெழுத்து போடக்கூடாது.

டிஸ்கி: "துப்பாக்கி எங்க கிடைக்கும்"னு மெயில் அனுப்பாதீங்க சாமி. நான் பிராக்கெட் மட்டும்தான் அடிப்பேன். 5.56 - 7.62 கும்மிக்கு இந்தப் பதிவுல இடமில்ல. கட்டை விரலைப் பத்தி மட்டும் பின்னூட்டம் போடுங்க.