ஒளியே அளவுகோல்

கணினிப் பெட்டியினுள் வன்தட்டு என்றொரு பகுதி உண்டென்பதை இக்காலத்துச் சிறுவரும் அறிவர். கண்ணாடிபோல் மெருகிட்ட வட்டத்தகடு ஒன்று அதனுள் நிமிடத்துக்கு 7200 தடவை வரையிற் சுழல்கின்றது. மகளின் திருமணப் படங்களும், மாணவனொருவன் ஈராண்டு உழைத்து எழுதிய ஆய்வுரையும் அதன் மேற்பரப்பிலே காந்தப் புள்ளிகளாகப் பதிந்து கிடக்கின்றன. "மேகத்துக்கு அனுப்பிவிட்டோம்" என்று நாம் நிம்மதி கொள்ளும் படங்களும் பெரும்பாலும் எங்கோ ஒரு தேசத்துப் பெருங்கூடத்தில் இத்தகைய தகடுகளின் மீதே தங்குகின்றன. அவற்றை எழுதவும் வாசிக்கவும் செய்கின்ற 'தலை' என்னும் சிறு துண்டு தகட்டைத் தொடுவதில்லை, மேலே மிதக்கின்றது. எவ்வளவு உயரத்தில் மிதக்கின்றது, அவ்வுயரத்தை எவ்வாறு அளந்தனர் என்பதையே இவ்வாரம் ஆராயப் புகுகின்றோம்.

1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் முதலாவது வன்தட்டு யந்திரத்தை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் அதில் அடுக்கப்பட்டிருந்தன. அத்தனையிலும் அடங்கியவை 50 இலட்சம் எழுத்துக்களே. கலிபோர்ணியாவில் சான் ஹோசே நகரத்து ஆய்வுகூடத்தில் அதனை ஆக்கிய குழுவின் தலைவர் ரெனல்ட் ஜோன்சன், முன்னர் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்தவர். விடைத்தாள் திருத்தும் யந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தமையே அவரை அந்நிறுவனத்துக்குக் கொண்டு சேர்த்தது. (விடைத்தாட் கட்டுகளின் நடுவே வாழும் எம் போன்றோர் அவரிடம் பொறாமை கொள்வதில் வியப்பில்லை.) அவரது யந்திரத்திலே தலைக்கும் தகட்டுக்கும் இடையிருந்த வெளி ஏறக்குறைய 20 மைக்குரோமீற்றர். அழுத்திய காற்றைக் குழாய்வழி செலுத்தி அவ்விடைவெளியைக் காத்தனர். 1961இல் வந்த அடுத்த யந்திரத்திலோ, சுழலும் தகடு தன்னோடு இழுத்துவரும் காற்றே தலையைத் தாங்கலாயிற்று.

அன்று தொடங்கி இடைவெளி குறுகிக்கொண்டே வந்தது. காரணம் யாதெனின், காந்தப் புள்ளிகள் நெருங்க நெருங்க, அவற்றின் விசை எட்டும் தூரமும் சுருங்குகின்றது. 1951இல் வாலஸ் என்பவர் வகுத்த விதிப்படி, பதிவின் அலைநீளம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தலை விலகுமாயின், கிடைக்கும் சைகை ஐந்நூறில் ஒரு பங்கினுங் குறைந்துபோகும். ஆகவே கிட்டே செல்லாமல் வாசித்தல் இயலாது. மிகக் கிட்டே சென்று தொட்டுவிட்டாலோ தகடு சுரண்டப்பட்டுப் பதிந்தவை யாவும் அழியும். விளிம்பிலே தகட்டின் வேகம் மணிக்கு 120 கிலோமீற்றருக்கு மேல் என்பதை நினைவிற் கொள்க.

இன்றைய இடைவெளி பத்து நனோமீற்றருக்கும் குறைவு. மில்லிமீற்றர் ஒன்றைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறே நனோமீற்றர். நம் தலைமயிரின் தடிப்பு அத்தகைய பல்லாயிரம் கூறுகள் கொண்டது. இவ்விடுக்கினுள் எந்த அளவுகோல் நுழையும்?

மழை நனைத்த வீதியிலே எண்ணெய்ப் படலம் பல வண்ணம் காட்டுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். படலத்தின் மேற்புறத்தில் தெறித்த ஒளியும் கீழ்ப்புறத்தில் தெறித்த ஒளியும் கூடுங்கால், முகடும் முகடும் சேர்ந்தால் பிரகாசம். முகடும் தாழியும் சேர்ந்தால் இருள். இதனையே தலையீடு என்கின்றோம். படலத்தின் தடிப்பே எது நிகழும் என்பதைத் தீர்மானிக்கின்றது. நியூட்டன் வளையப் பரிசோதனையில் நடுவிலுள்ள கரும்புள்ளிக்குக் காரணம் கேட்டால், "கண்ணாடிகள் அங்கே தொடுகின்றன" என்று மாணவர் விடை பகர்வர். அது பாதி விடையே. காற்றிலிருந்து அடர்ந்த ஊடகத்திற் பட்டுத் தெறிக்கும் ஒளி அரை அலை புரண்டு திரும்புகின்றது என்பதே மற்றப் பாதி.

உண்மைத் தகடு ஒளி புகாதது. ஆதலின், சோதனைக்கு அதனை நீக்கி, அவ்விடத்தில் தெளிந்த கண்ணாடித் தகட்டைச் சுழலவிடுவர். தலை அதன் கீழே மிதக்கும். மேலிருந்து வரும் லேசர் ஒளியில் ஒரு பகுதி கண்ணாடியின் கீழ்ப்புறத்திலும், மற்றொரு பகுதி தலையிலும் தெறித்துத் திரும்பும். ஹீலியம்-நியோன் லேசரின் செவ்வொளிக்கு அலைநீளம் 632.8 நனோமீற்றர், இருளிலிருந்து முழுப் பிரகாசத்தை அடைய இடைவெளி அதில் காற்பங்கு, அஃதாவது 158 நனோமீற்றர், கூடவேண்டும். தலையைச் சற்றே அகற்றி, பிரகாசத்தின் உச்சத்தையும் தாழ்வையும் முதலிற் குறித்துக்கொண்டு, இடைப்பட்டதைக் கணக்கிடலாம்.

பல ஆண்டுகள் இம்முறை நன்றாகவே பயன்பட்டது. இடைவெளி மிகச் சிறுத்தபோதே இடர் தோன்றிற்று. தொடுநிலையை அண்மிக்கும்போது இருள் மாறுவது மிக மெதுவாக. இரு தெறிப்பும் சமவலிமை உடையனவென்று கொண்டாலும், 10 நனோமீற்றரிற் கிடைக்கும் ஒளி உச்சத்தின் நூற்றில் ஒரு பங்கே. 5 நனோமீற்றரிலோ அதிலுங் காற்பங்கு! இன்னொரு தொல்லையும் உண்டு. தலை, அலுமினியம் ஒட்சைட்டும் தைத்தேனியம் காபைட்டும் கலந்த பீங்கான் வகையால் ஆனது. அதிற் படும் ஒளி சரியாக அரை அலை புரள்வதில்லை, சிறிது பிசகுகின்றது. அப்பிசகைக் கணக்கிற் சேர்க்காவிடின் விளையும் பிழை, அளக்க வந்த இடைவெளி அளவுக்கே வந்துவிடும்.

நேர்குத்தாக அன்றிச் சாய்வாக லேசரைச் செலுத்தியமை இதற்குக் கண்ட நல்வழி. சாய்ந்து விழும் முனைவாக்கிய ஒளியின் இரு கூறுகளும் வெவ்வேறு வகையிற் தெறிக்கின்றன. அவற்றின் வலிமையை மாத்திரமன்றி, அவற்றிடையே நேரும் அவத்தை வேறுபாட்டையும் அளந்தால், தொடுநிலை வரையில் இடைவெளி தெரியவரும். தலைப்பொருளின் ஒளியியற் குணத்தையும் அதே கருவி கண்டறிந்து பிசகைத் திருத்தும்.

எனினும் இவையெல்லாம் கண்ணாடித் தகட்டின்மேற் பெற்ற அளவுகள். பெட்டியை மூடி முத்திரையிட்டபின் உள்ளே ஒளி செல்லாது. அங்கே வன்தட்டு தன்னைத் தானே அளந்துகொள்கின்றது. தலையினுள் அமைந்த நுண்ணிய வெப்பமூட்டி சூடேற, அதன் நுனி சிறிதே புடைத்துத் தகட்டை நோக்கி இறங்குகின்றது. சைகை எவ்வளவு வலுத்தது என்பதைக் கொண்டு வாலஸின் விதிப்படி எத்துணை இறங்கிற்று என்று கணிக்கப்படும். மெல்லத் தீண்டியதை உணர்ந்த அக்கணமே வெப்பத்தைக் குறைத்து, ஓரிரு நனோமீற்றர் பின்வாங்கி, அங்கிருந்து வாசிக்கத் தொடங்குகின்றது.