ஏலக் கூடமும் ஏரிக் கரையும்

பழவேற்காட்டு ஏரிக் கரையிலே படகு ஒதுங்கியதும் ஏலம் தொடங்குகிறது. இறாலும் நண்டும் கூடையிலே துடிக்கின்றன. வியாபாரிகள் விலை கேட்கின்றனர். கடனுக்கென்று தரகர் கழித்தது போக எஞ்சுவது சிறு தொகையே. ஆயினும் அது மீன் பிடித்தவன் கைக்குத்தான் வருகிறது.

இன்னோர் ஏலத்தையும் பாருங்கள்! எம். எப். உசேன் 1954இல் தீட்டிய 'கிராம யாத்திரை', 2025 மார்ச் 19 அன்று நியூயார்க் நகரக் கிறிஸ்டீஸ் கூடத்திலே சுமார் 118 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. நம் நாட்டுப்புற வாழ்வை 13 காட்சிகளிலே காட்டும் ஓவியம் அது. அதற்கு முன், 2023இல், அம்ரிதா ஷேர்-கில்லின் 'கதை சொல்பவர்' 61.8 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று. அவரோ 28 வயதிலே, 1941இல் மறைந்தவர்!

"கலைக்குப் பொற்காலம்" என்று முழங்குகின்றனர். யாருக்குப் பொற்காலம்? தீட்டியவருக்கா, வாங்கி வைத்திருந்தவருக்கா?

உசேன் ஓவியத்தை விற்றது ஆஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனை. பணம் மருத்துவர் பயிற்சிக்கு என்றனர். நன்று! விற்றவரை நாம் பழிக்கவில்லை. படைத்தவரை மறக்கும் முறையையே பழிக்கிறோம்.

ஏல விலை உயர்ந்தால் எல்லா ஓவியர்க்கும் வாழ்வு உயரும் என்பர் சிலர். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையிலே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தவர்கள் ஏலக் கூடத்தை நம்பியா வாழ்ந்தனர்? பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றன்றோ தூரிகையைக் காத்தனர்!

சட்டம் இல்லையா? உண்டு. பதிப்புரிமைச் சட்டத்திலே 1994ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 53ஏ பிரிவு, 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட மறுவிற்பனையில், பதிப்புரிமைக் காலம் முடியும்வரை, ஓவியருக்கோ வாரிசுக்கோ 10 விழுக்காட்டுக்கு மிகாத பங்கு உண்டு என்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்திலோ அவ்வுரிமையே இல்லை. கடல் கடந்தால் உரிமை கரைந்துவிடுகிறது!

பழவேற்காட்டு மீனவர் மீன்படும் இடத்தை ஏலம் விடுவதில்லை. 'பாடு' முறையிலே சீட்டுக் குலுக்கி, முறைவைத்துப் பகிர்கின்றனர். அவ்வுரிமை எல்லார்க்கும் எட்டவில்லை என்ற குறை உண்டு. ஆயினும் பணப்பை பெருத்தவன் ஏரியை வளைக்க இயலாது என்ற நெறி அதிலே இருக்கிறது.

ஆகவே கேட்கிறோம்: இந்நாட்டிலே நடக்கும் ஒவ்வோர் ஏலத்திலும் ஓவியரின் பங்கு எவ்வளவு என்று வெளிப்படையாய் அறிவித்து வழங்குக! அரசு அருங்காட்சியகங்கள் ஓவியர் வாழும்போதே அவர் படைப்பை வாங்குக! வலை வீசியவனுக்குக் காசு சேர வேண்டும் என்பது ஏரிக் கரை நீதி. தூரிகை பிடித்தவனுக்கும் அந்நீதி வேண்டும்!