விட்டுக் கொடுப்பது தொழிலாளிக்கு மட்டும்தான் விதியா?

'கம்பெனி மூழ்கிக் கொண்டிருக்கிறது. எல்லோரும் கொஞ்சம் விட்டுக் கொடுத்தால்தான் கரை சேர முடியும்!'

நெருக்கடி வரும்போதெல்லாம் நிர்வாகங்கள் பாடும் பல்லவி இது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இந்த 'எல்லோரும்' என்ற சொல்லில் யார் யார் அடக்கம்? விட்டுக் கொடுத்தது எப்போது திரும்பி வரும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதிலை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்க விமானிகளின் அனுபவம் நல்ல பாடம்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க வான்வெளி சில நாட்கள் மூடப்பட்டது. திறந்த பிறகும் பயணிகள் வரவில்லை. ஏற்கனவே நஷ்டத்தில் தள்ளாடிய கம்பெனிகள் அரசாங்கத்தின் கதவைத் தட்டின. கதவு உடனே திறந்தது. பதினொன்றே நாட்களில், செப்டம்பர் 22 அன்று, சட்டம் கையெழுத்தானது. 500 கோடி டாலர் ரொக்க உதவி. அதற்கு மேல் 1,000 கோடி டாலர் வரை கடன் உத்தரவாதம்.

தனியார் துறையில் அரசு தலையிடவே கூடாது என்று உலகத்துக்கே உபதேசம் செய்யும் நாடு அது. தன் முதலாளிகளுக்கு நஷ்டம் என்றதும் உபதேசம் காற்றில் பறந்து விட்டது!

உத்தரவாதம் வழங்க ஒரு வாரியம் அமைக்கப்பட்டது. 'செலவைக் குறைத்து எப்படி மீளப் போகிறாய் என்று காட்டு' என்பது வாரியத்தின் நிபந்தனை. எரிபொருள் விலையைக் கம்பெனி குறைக்க முடியுமா? முடியாது. கை வைக்க எளிதான இடம் சம்பளம்தான். ஆக, அரசு உதவி என்பதும் சுற்றி வளைத்துத் தொழிலாளியின் சட்டைப் பையில்தான் வந்து நின்றது.

இரண்டு தரப்பு, இரண்டும் நியாயம்

விமானிகளுக்குள் பெரும் விவாதம் நடந்தது.

'கொடுத்து விடுவோம். கம்பெனி மஞ்சள் கடுதாசி கொடுத்து விட்டால் நீதிமன்றம் நம் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். இருப்பதும் போய்விடும்' என்றது ஒரு தரப்பு.

'இன்று கொடுத்தால் நாளையும் கேட்பார்கள். கொடுத்தது ஒருபோதும் திரும்பாது' என்றது மறு தரப்பு.

விமானியின் நிலையை இங்கே புரிந்து கொள்ள வேண்டும். இருபது வருடம் பணியாற்றிய கேப்டன் வேறு கம்பெனிக்குப் போனால் அங்கே பணிமூப்புப் பட்டியலின் கடைசியில், புதியவனாகத்தான் சேர வேண்டும். ஓட்டும் விமானம், போகும் தடம், வாங்கும் சம்பளம் எல்லாம் அந்தப் பட்டியலைப் பொறுத்தவை. எனவே வேறு இடம் பார்க்கலாம் என்று அவர் எளிதில் கிளம்பி விட முடியாது. நிர்வாகத்துக்கு இது நன்றாகவே தெரியும்!

அமெரிக்கன் ஏர்லைன்ஸில் நடந்தது என்ன?

2003 ஏப்ரல். திவாலின் விளிம்பில் நின்ற அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மூன்று தொழிற்சங்கங்களிடமும் ஆண்டுக்கு 162 கோடி டாலர் விட்டுத் தரும்படி கேட்டது. விமானிகளின் பங்கு மட்டும் 66 கோடி. சம்பளத்தில் 23 சதவீதம் வெட்டு! விமானிகளும், மெக்கானிக்குகளும், விமானப் பணிப்பெண்களும் வாக்களித்து ஒப்புக் கொண்டார்கள்.

வாக்கெடுப்பு முடிந்த கையோடு உண்மை வெளியே வந்தது. உயர் அதிகாரிகள் சிலர் கம்பெனியை விட்டுப் போகாமல் இருப்பதற்காக அவர்களுக்குப் பெரும் போனஸ் ஒதுக்கப்பட்டிருந்தது. கம்பெனி திவாலானாலும் 45 நிர்வாகிகளின் ஓய்வூதியம் கெடாதபடி ஓர் அறக்கட்டளையில் 4 கோடி டாலருக்கு மேல் போட்டு வைக்கப்பட்டிருந்தது. தொழிலாளியிடம் 'கப்பல் மூழ்குகிறது' என்று சொன்னவர்கள் தங்களுக்கு மட்டும் தனிப் படகு கட்டி வைத்திருந்தார்கள்!

எதிர்ப்பு வெடித்தது. போனஸ் ரத்தானது. தலைமை நிர்வாகி டான் கார்ட்டி ஏப்ரல் 24 அன்று பதவி விலகினார். ஆனால் ஓய்வூதிய அறக்கட்டளை அப்படியே இருந்தது. சம்பள வெட்டும் அப்படியே இருந்தது. பின்னாளில் பங்கு விலை ஏறியபோது நிர்வாகிகளுக்குப் பங்கு வடிவில் பரிசு கிடைத்தது. இத்தனைக்கும் பிறகு 2011 நவம்பரில் அந்தக் கம்பெனி திவால் நீதிமன்றத்துக்கே போனது.

யுனைடெட் ஏர்லைன்ஸ் கதை இன்னும் வேதனையானது. 1994-ல் அதன் ஊழியர்கள் சுமார் 490 கோடி டாலர் மதிப்புக்கு விட்டுக் கொடுத்து, கம்பெனியின் 55 சதவீதப் பங்குகளைப் பெற்றார்கள். 'தொழிலாளிகளே முதலாளிகள்' என்று உலகமே பேசியது. 2002 டிசம்பரில் உத்தரவாத வாரியம் கைவிரித்தது. டிசம்பர் 9 அன்று கம்பெனி திவால் மனு கொடுத்தது. பங்குகள் வெற்றுக் காகிதமாயின. 2005-ல் ஓய்வூதியத் திட்டங்களும் கைகழுவப்பட்டு, அரசின் ஓய்வூதியக் காப்பீட்டு நிறுவனத்தின் தலையில் கட்டப்பட்டன.

அந்த நிறுவனம் கொடுக்கும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 65 வயதில் ஓய்வு பெறுவோருக்கு உள்ள வரம்பை விட 60 வயதில் ஓய்வு பெறுவோரின் வரம்பு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. ஆனால் 2007 வரை விமானிகள் 60 வயதில் இறங்கியே ஆக வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். சட்டமே வீட்டுக்கு அனுப்பும். சீக்கிரம் வந்து விட்டாய் என்று சட்டமே குறைத்தும் கொடுக்கும்! இது எந்த ஊர் நியாயம்?

'அவர்கள்தான் லட்சக்கணக்கில் வாங்குகிறார்களே!'

சிலர் இப்படிக் கேட்கலாம். விமானிக்குச் சம்பளம் அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே 2003-ல் அதே கம்பெனியில் மெக்கானிக்கின் சம்பளமும் பணிப்பெண்ணின் சம்பளமும் வெட்டப்பட்டதே, அவர்களும் பணக்காரர்களா? மேலும், ஓய்வூதியம் என்பது நிர்வாகம் போடும் பிச்சையல்ல. உழைத்த காலத்தில் வாங்காமல் விட்டு வைத்த கூலி. அது ஓர் அமானிதம். அமானிதத்தில் கை வைப்பவனிடம், பறிகொடுத்தவன் பணக்காரனா ஏழையா என்று பார்த்தா கேள்வி கேட்பது?

அப்படியானால் கொடுக்கவே கூடாதா?

அப்படி நாம் சொல்லவில்லை. கம்பெனி உண்மையிலேயே மூழ்கும்போது பிடிவாதம் பிடித்தால் கடைநிலை ஊழியனின் அடுப்புதான் முதலில் அணையும். கொடுக்கலாம். ஆனால் கடன் கொடுப்பவன் போலக் கொடுக்க வேண்டும். 2001 சட்டப்படி உத்தரவாதம் தந்த அரசாங்கம் என்ன செய்தது? கட்டணம் வாங்கியது. பங்கு வாங்கும் உரிமையையும் எழுதி வாங்கியது. கடைசியில் லாபத்தோடு கணக்கை முடித்தது. அரசாங்கத்துக்கு இருந்த எச்சரிக்கை தொழிலாளிக்கு இருக்கக் கூடாதா?

2020 கொரோனா நெருக்கடியில் இந்தப் பாடம் ஓரளவு பலன் தந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் லாபத்தை வைத்துத் தங்கள் பங்குகளைத் தாங்களே வாங்கிக் குவித்த கம்பெனிகள்தான் அப்போதும் கையேந்தி நின்றன. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மட்டும் 2014 முதல் 1,200 கோடி டாலருக்கு மேல் இப்படிச் செலவழித்திருந்தது. இம்முறை தொழிற்சங்கங்கள் விழித்துக் கொண்டன. 2020 மார்ச் சட்டத்தில் பயணிகள் விமானக் கம்பெனிகளுக்கு 2,500 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அதுவும் ஊழியர் சம்பளத்துக்கு மட்டும். செப்டம்பர் 30 வரை கட்டாய ஆட்குறைப்பு கூடாது. தன் பங்கைத் தானே வாங்கக் கூடாது. நிர்வாகிகளின் சம்பளத்துக்கு வரம்பு உண்டு.

கெடு முடிந்த மறுநாளே, அக்டோபர் 1 அன்று, அமெரிக்கனும் யுனைடெட்டும் சேர்ந்து 32,000 பேரை வீட்டுக்கு அனுப்பின. அடுத்த சட்டம் டிசம்பரில் வந்த பிறகுதான் அவர்களைத் திரும்ப அழைத்தன. ஆனால் யுனைடெட் விமானிகளுக்கு ஆட்குறைப்பு நேரவில்லை. காரணம், இருக்கும் வேலை நேரத்தைத் தங்களுக்குள் பகிர்ந்து கொள்ளச் சம்மதித்து, அதற்குப் பதிலாக 2021 ஜூன் வரை யாரையும் நீக்கக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்தார்கள்.

இரக்கம் காப்பாற்றவில்லை. எழுத்தில் இருந்த தேதிதான் காப்பாற்றியது!

விமானக் கம்பெனியோ, பஞ்சாலையோ, எங்கே வெட்டு கேட்டாலும் தொழிலாளி கேட்க வேண்டியவை நான்கு: கணக்குப் புத்தகம் எங்கள் முன் திறக்கப்படுமா? வெட்டு மேலிருந்து தொடங்குமா? எந்தத் தேதியில் முடியும்? லாபம் வந்தால் எங்களுடையது எப்படித் திரும்பும்?

இந்த நான்குக்கும் பதில் எழுத்தில் வரட்டும். அதன் பிறகு கையெழுத்துப் போடலாம். அதற்கு முன் போடும் கையெழுத்துக்குப் பெயர் தியாகம் அல்ல, ஏமாளித்தனம்!