கணக்குக்குச் சாதி இல்லையாம்

எம்.காம். வகுப்பில் ‘கணக்குக்குச் சாதி இல்லை’ என்கிறார்கள். 1980 வரை பரம்பரைக் கர்ணம் வீட்டுத் திண்ணையில் கிடந்த ஊர்க்கணக்குக்கா சாதியில்லை?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் எல்லாம் பழைய செங்கற்பட்டு ஜில்லா. அங்கே கலெக்டராக இருந்த திரமென்கீரின் அறிக்கையால்தான் 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. தலித் அல்லாதாருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. இன்று கம்பெனி ஐந்தொகையில் நிலத்துக்குக் கொடுத்த தொகை இருக்கும். அது யார் கையிலிருந்து போச்சுங்கிற பத்தி கிடையாது. காண்ட்ராக்ட்டில் உழைக்கிற நம்ம பொண்ணு ‘ஊழியர் செலவு’க்குள்ளகூட வரமாட்டாள். பெரும்பாலும் ‘இதர செலவுகள்’தான், டீக்காசோட டீக்காசா.

அதுக்காக இந்தப் படிப்பே வேண்டாம், கவிதை போதும் என்கிற தோழர்களோடும் எனக்குச் சண்டைதான். 1915இல் அம்பேத்கர் கொலம்பியாவில் எம்.ஏ.வுக்கு எழுதியது கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றி. ஆண்டறிக்கையைக் கணக்குக் குறிப்புகள் வரைக்கும் படிங்க. தாலுகா ஆபீஸ் அ-பதிவேட்டைப் பக்கத்துல வச்சுப் படிங்க.